ரெண்டு பேப்பர், ஒரே முதலாளி

போன மாதம் சிதம்பரத்தில் இளம் நிருபர்களான உங்களோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது உங்களில் ஒரு தங்கை சொன்னார்: "முதலாளி யாரா இருந்தா நமக்கு என்னா சார்? நம்ம செய்திய நாம ஒழுங்கா குடுத்துட்டுப் போவோம்." சுற்றியிருந்தவர்கள் எல்லாம் தலையாட்டினீர்கள். அங்கேயே பதில் சொல்ல ஆரம்பித்திருந்தால் கடலூருக்குக் கடைசி பஸ்ஸை விட்டிருப்பேன். அதனால் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். பதிலை இப்போது எழுதுகிறேன்.

செய்தி எப்படி எழுதுவது என்று நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. நான் ஒரு பக்கம் எழுதி முடிப்பதற்குள் நீங்கள் செல்போனிலேயே நாலு செய்தி அனுப்பிவிடுகிறீர்கள். எனக்குத் தெரிந்தது வேறு. ஒரு ஜில்லாவில் செய்தி எப்படிச் சாகும் என்று கிட்டே இருந்து பார்த்தவன் நான்.

2004-ல் கடலூரில் நான் ஒரு தமிழ் நாளிதழின் நிருபர். சொந்த ஊரே முதுநகர்தான். எனக்கு எதிரி கலியமூர்த்தி. அவன் எதிர்ப் பத்திரிகை. சிதம்பரத்துக்காரன், தினமும் காலை பஸ்ஸில் வந்து இறங்குவான். என்னை மச்சான் என்பான், நானும் அப்படித்தான். பெண் கொடுத்த உறவும் இல்லை, எடுத்த உறவும் இல்லை. ஒருவன் காலை ஒருவன் வாருவதற்கு வசதியான உறவு என்று வைத்துக்கொண்டோம்.

ஒரு தடவை அரசு மாணவர் விடுதி ஒன்றில் புழுத்த அரிசியைப் போட்டுப் பொங்கிவிட்டார்கள். பையன்கள் தட்டோடு ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். சம்பந்தப்பட்ட அதிகாரி எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். நல்ல மனிதர்தான்.

"நான் வந்து சேந்தே கொஞ்ச நாள்தான் ஆவுது. ரெண்டு நாள் குடுங்க, அரிசிய மாத்திடறேன். பேப்பர்ல வந்துச்சுன்னா என் வேல போயிடும்" என்றார்.

வெளியே வந்ததும் கலியமூர்த்தி உருகிவிட்டான். "பாவம் மச்சான். புள்ளகுட்டிக்காரரு. விட்டுடுவோம்."

"விட்டுடுவோம்" என்றேன்.

"எனக்கு மாமியார் ஊட்ல ஒரு சோலி இருக்குது. நான் கெளம்புறேன்."

"நான் மீன் மார்க்கெட்டுக்குப் போறேன், ஊட்ல கெழங்கான் கேட்டாங்க."

அவன் ஒரு தெருவில் போனான். நான் இன்னொரு தெருவில் போனேன். இரண்டு தெருவும் ஒரே ஃபேக்ஸ் கடையில் போய் முடிந்தன. நான் உள்ளே நுழையும்போது அவன் செய்தி எழுதிய தாளை மெஷினுக்குள் செருகிக்கொண்டிருந்தான்.

"மாமியாருக்கு ஃபேக்ஸ் அனுப்புறியா?" என்றேன்.

"நீ வாங்குன கெழங்கான் எங்க?" என்றான்.

மறுநாள் இரண்டு பேப்பரிலும் வந்தது. மதியத்துக்குள் விடுதிக்கு நல்ல அரிசி வந்துவிட்டது. அதிகாரியின் வேலையும் போகவில்லை. அவர் எங்களோடு பேசுவதைத்தான் நிறுத்திக்கொண்டார். அதற்காக யாரும் சாகவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்களை நேர்மையானவர்கள் என்று ஊர் நினைத்தது. நாங்களும் அப்படியே நினைத்து மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தோம். உண்மை என்னவென்றால் அந்த நேர்மையில் முக்கால்வாசி, நான் விட்டதை அவன் போட்டுவிடுவான் என்கிற பயம். மிச்சம் கால்வாசிதான் சொந்தச் சரக்கு. ஜில்லாவுக்கு அது போதுமானதாக இருந்தது. ஒருவன் விலைபோனாலும் இன்னொருவன் இருந்தான்.

இந்தப் பயத்தை ஒருவர் விலைக்கு வாங்கினார்.

அவர் பெயர் வேண்டாம். நான் அவரை நேரில் பார்த்ததும் இல்லை, புகைப்படத்தில்தான் பார்த்திருக்கிறேன், அதுவும் எங்கள் பத்திரிகையிலேயே, பிறந்தநாளுக்குப் பிறந்தநாள். சென்னையில் இருந்து நடக்கும் குழுமம். இங்கே கடற்கரையோரம் அவர்களுக்கு ஒரு ரசாயன ஆலை உண்டு, சிதம்பரம் ரோட்டில் ஒரு இன்ஜினியரிங் காலேஜ் உண்டு. ஒரு டிவி சேனலும் இருந்தது. முதலில் கலியமூர்த்தியின் பத்திரிகையை வாங்கினார்கள். "ஒன்ன வித்துட்டாங்கடா" என்று அவனைக் கேலி செய்தேன். ஒரு வருஷம்கூட ஆகவில்லை, எங்களையும் வாங்கினார்கள். நடுவில் ஊர் ஊராக கேபிள்காரர்களின் வயர்களெல்லாம் ஒரே கைக்குப் போய்ச் சேர்ந்தன. கேபிள்காரன் கோயில் திருவிழாவையும் குடிதண்ணீர்க் குழாய்ச் சண்டையையும் காட்டிக்கொண்டிருந்த லோக்கல் சேனல் ஒரு நாள் காலையில் காணாமல் போய், அந்த நம்பரில் குழுமத்தின் சேனல் ஓடியது.

சிதம்பரத்தில் ஒரு ஓட்டல் ஹாலில் விழா வைத்தார்கள். எங்களுக்கு ஆளுக்கொரு சால்வை, ஒரு பேனா. சென்னையிலிருந்து மண்டல மேலாளர் வந்திருந்தார். கோட்டும் டையுமாக, சித்திரை வெயிலில். அதற்கு முன் அவர் சோப்புக் கம்பெனியில் இருந்தாராம். அதைப் பெருமையாகவே சொன்னார். "சோப்பும் பிராடக்ட்தான், செய்தியும் பிராடக்ட்தான். இனிமே நாம எல்லாரும் ஒரே குடும்பம்" என்றார். சோப்பாவது அழுக்கு எங்கே இருக்கிறது என்று ஒத்துக்கொண்டுதான் தேய்க்கும் என்று கலியமூர்த்தி என் காதில் சொன்னான்.

இரண்டு பத்திரிகைக்கும் கடலூரில் ஒரே ஆபீஸ். கீழே அவன், மேலே நான். இரண்டு பேர் ஒரே இடத்துக்குப் போவது வீண் என்று சொல்லி, ஒருவர் போனால் போதும், இருவருக்கும் அதே செய்தி என்று ஆக்கினார்கள். தலைப்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மாற்றுக் கருத்து என்பது எங்கள் ஜில்லாவில் அந்தத் தலைப்பு அளவுக்குத்தான் மிஞ்சியது.

ஆபீஸ் எதிரில் டீக்கடைக்காரர் வழக்கமாக இரண்டு பேப்பரும் போடுவார். ஒரு நாள் ஒன்றை நிறுத்திவிட்டார்.

"என்னாங்க, எங்கள நிறுத்திட்டீங்க?" என்று கேட்டேன்.

"உங்கள நிறுத்துனனா அவர நிறுத்துனனான்னு எனக்கே தெரியல சார். ரெண்டுலயும் எழுத்துப்பிழகூட ஒரே எடத்துல இருக்குது" என்றார்.

இதை மேலாளரிடம் சொன்னேன், சிரிப்பார் என்று நினைத்து. அவர் குறித்துக்கொண்டார். அடுத்த வாரம் பிழை திருத்துபவரை வேலையைவிட்டு நிறுத்திவிட்டதாகத் தகவல் வந்தது.

இதுவரைக்கும் எல்லாம் சிரிப்புக்கு இடமானதுதான். நாங்களும் சிரித்துக்கொண்டே சம்பளம் வாங்கினோம். பிறகு ஒரு காலையில் குப்பத்திலிருந்து தனம் போன் செய்தாள்.

தனம் மீன் விற்பவள். முதுநகரில் கூடை இறக்கும் காலத்திலிருந்து எனக்குப் பழக்கம். சுனாமிக்குப் பிறகு குப்பத்துப் பெண்கள் குழுவுக்குத் தலைவியானாள். அவள் குப்பத்துக்கும் ஆலைக்கும் நடுவில் ஒரு சவுக்குத்தோப்புதான். போனில் அவள் பேச்சைவிட இருமல்தான் ஜாஸ்தி கேட்டது.

"சார், ஏதோ நாத்தம் வருது சார். கண்ணத் தொறக்க முடியல. எம் பொண்ணு வாந்தி வாந்தியா எடுக்குது. யாரும் வரமாட்டேங்குறாங்க."

ஒருவர் போனால் போதும் என்பது உத்தரவு. அன்றைக்கு இருவரும் போனோம். ஒரே வண்டியில், நான் ஓட்ட, அவன் பின்னால். சவுக்குத்தோப்பு தாண்டுவதற்குள்ளேயே எனக்குத் தொண்டை கரகரத்தது. குப்பத்தில் ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொண்டு சனங்கள் கடல் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். தனத்தின் மகள் மணலில் சுருண்டு கிடந்தாள். தனத்தின் புருஷன் ஏழுமலை பிள்ளையைத் தூக்கி என் வண்டியில் உட்காரவைத்துவிட்டான், கேட்கவே இல்லை. கலியமூர்த்தி இறங்கிக்கொண்டான். நான் பிள்ளையையும் ஏழுமலையையும் ஏற்றிக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போனேன். அங்கே ஏற்கனவே வராந்தா நிறைய ஆட்கள். டாக்டர் "விஷவாயுதான், சந்தேகமே இல்ல. ஆனா எம் பேரப் போடாதீங்க" என்றார்.

அன்று சாயங்காலம் நானும் கலியமூர்த்தியும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவருக்கொருவர் ஒளிக்காமல் செய்தி எழுதினோம். பார்த்ததை மட்டும் எழுதினோம். ஆலையைத் திட்டி ஒரு வார்த்தை இல்லை. ஆலை நிர்வாகத்தின் மறுப்பையும் சேர்த்தோம்.

மறுநாள் இரண்டு பேப்பரிலும் வந்தது. என் பேப்பரில் தலைப்பு: "விஷவாயு வதந்தியால் மீனவர்கள் பீதி". அவன் பேப்பரில்: "மீனவர்களைப் பீதியில் ஆழ்த்திய விஷவாயு வதந்தி". சொன்னேனே, தலைப்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். டிவியில் ஒரு பேராசிரியர் வந்து, சுனாமிக்குப் பிறகு கடலோர மக்களுக்கு மனபயம் இருப்பது இயல்பு என்று விளக்கினார். அவர் குழுமத்தின் காலேஜில் வேலை பார்ப்பவர் என்பதை அவருடைய பெயருக்குக் கீழே போட மறந்துவிட்டார்கள்.

நான் செய்தி ஆசிரியருக்குப் போன் செய்தேன். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். கண்ணால் பார்த்ததை எவன் சொன்னாலும் வெட்டாதே என்று முதல் வாரத்திலேயே எனக்குச் சொன்னவர். கோபமாகப் பேசவேண்டும் என்று நினைத்துத்தான் நம்பரைப் போட்டேன்.

"சார், நான் அனுப்புனது வேற."

"படிச்சேன். நல்லா எழுதியிருந்த."

"அப்ப யாரு சார் மாத்துனது?"

"நான்தான். வேற யாராவது மாத்துனா தமிழாவது கெட்டுப்போயிருக்கும்."

அவருக்குக் காரணம் இருந்தது. இரண்டாவது பெண் கல்யாணம், ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச காலம். யாருக்குத்தான் காரணம் இல்லை? காரணமே இல்லாமல் பொய் எழுதும் ஒருவரை நான் இந்தத் தொழிலில் பார்த்ததில்லை. ஆனால் முன்பெல்லாம் அவருக்கு ஒரு வழி இருந்தது. இந்தப் பத்திரிகை கசந்தால் எதிர்ப் பத்திரிகைக்குப் போகலாம். இப்போது எதிர்ப் பத்திரிகையும் அதே முதலாளியின் மாடிப்படிக்குக் கீழே இருந்தது.

நாங்கள் கலெக்டர் ஆபீசுக்குப் போனோம். அங்கே இருந்தவர் வேறொரு அதிகாரி. எங்களைப் பார்த்ததும் பேப்பரை விரித்து வைத்தார்.

"வதந்தின்னு நீங்களே போட்டிருக்கீங்க. அப்புறம் நான் எதை விசாரிக்கிறது?"

"சார், ஆஸ்பத்திரியில வந்து பாருங்க."

"பேப்பர்லயே இல்லன்னு வந்திடுச்சு, டிவியிலயும் வந்திடுச்சு. ஒண்ணு தப்பா போட்டா பரவால்ல. எல்லாமேவா தப்பா போடும்?"

அதற்கு அடுத்த நாள் இரண்டு பேப்பரிலும் "விஷவாயு கசிவு இல்லை: அதிகாரி திட்டவட்டம்" என்று வந்தது. அவர் எங்களைப் பார்த்துச் சொன்னார், நாங்கள் அவரைப் பார்த்துப் போட்டோம். செக்குமாடு இரண்டு, ஒன்றின் வாலை ஒன்று பார்த்துச் சுற்றுகிற மாதிரி. நடுவில் ஒரு குப்பம் இருமிக்கொண்டிருந்தது.

நான் குப்பத்துக்குப் போனபோது தனம் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பேப்பரை அவள் பக்கத்து வீட்டுப் பையனைவிட்டுப் படிக்கச்சொல்லிக் கேட்டிருந்தாள். மகள் பிழைத்துக்கொண்டாள், ஆனால் அன்றிலிருந்து இளைப்பு விட்டபாடில்லை.

"வதந்தின்னா என்னா சார்?" என்று மட்டும் கேட்டாள்.

"நடக்காததச் சொல்றதும்மா."

"சரி சார். மூச்சு வாங்குதே, அதுக்கு என்னா பேரு?"

கலியமூர்த்தி அந்த வாரமே வேலையை விட்டான். மேலாளர் அவனைக் கூப்பிட்டு, உங்களுக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். "அதத்தான் சார் எடுத்துக்கிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டான். என்னை அவர்கள் சிதம்பரத்துக்கு மாற்றினார்கள். மழைநிலவரம், கோயில் விழா, பஸ் நிலையக் கூட்டம், காலேஜ் ஆண்டுவிழா இவைதான் இனி என் எல்லை. காலேஜ் ஆண்டுவிழா என்றால் எந்தக் காலேஜ் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

கலியமூர்த்தி சிதம்பரத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஒரு அச்சகத்தைப் பிடித்து, மாதம் இரண்டு தடவை ஒரு தாள் போட ஆரம்பித்தான். மொத்தமே நாலு பக்கம். அதற்கு அவன் ஒரு பெரிய பெயர் வைத்தான், ஆனால் ஊரில் எல்லாரும் "நாலு பக்கம்" என்றுதான் சொன்னார்கள். ஏஜென்ட்கள் அதை எடுக்க மறுத்தார்கள். எடுத்தால் இரண்டு பெரிய பேப்பரின் கட்டும் வராது என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. விளம்பரமும் இல்லை. பஸ் நிலையத்தில் பழக்கடைக்காரர்களிடமும், சைக்கிள் ஸ்டாண்டிலும், குப்பத்துப் பெண்களின் மீன்கூடைகளிலுமாக அது ஊர் ஊராகப் போனது. மீன் நாற்றம் அடிக்கும் பத்திரிகை என்று எங்கள் மேலாளர் ஒரு கூட்டத்தில் சொல்லிச் சிரித்தார். எங்களுடையதில் வாசனையே இல்லை என்பதை அவர் கவனிக்கவில்லை.

முதல் இதழிலேயே அவன் அந்தச் செய்தியைப் போட்டான். யார் யார் மருத்துவமனைக்குப் போனார்கள், என்ன சொன்னார்கள் என்று பேரோடு. இரண்டு வாரம் தாமதமாக வந்த செய்தி. ஆனால் குப்பத்தில் அதை வெட்டி வீட்டுக்குள் ஒட்டிவைத்தார்கள். அரசாங்கம் ஒன்றும் செய்துவிடவில்லை. ஆலை ஓடிக்கொண்டிருந்தது. நடந்தது நடந்தது என்று ஒரு இடத்திலாவது அச்சில் இருக்கிறது, அவ்வளவுதான்.

2012 கோடையில் நான் பிச்சாவரத்தில் இருந்தேன். விடுமுறைக்குப் படகுச் சவாரிக் கூட்டம் என்று எங்களுக்கு வருஷாவருஷம் ஒரு செய்தி உண்டு, படம் மட்டும் புதிது. முற்பகலில் மேலாளரிடமிருந்து போன்.

"மிஸ்டர் அருள், ஆலையில ஏதோ பெரிய சத்தமாம். ஜனங்க ரோட்டுக்கு வந்துட்டாங்க. கசிவெல்லாம் ஒண்ணும் இல்ல. உங்களுக்கு அந்த ஜனங்களத் தெரியும், நீங்க போங்க. உங்கள நம்புவாங்க."

என்னை அங்கிருந்து மாற்றியதற்குக் காரணமே அந்த ஜனங்களை எனக்குத் தெரியும் என்பதுதான். அதைச் சொல்ல நேரமில்லை. ஆபீஸ் காரில் போனேன்.

ஆலைக்குள்ளேயே போய்ப் பார்த்தேன். கசிவு இல்லை. பாய்லரில் அழுத்தம் ஏறி நீராவி வால்வு திறந்துகொண்டு ஊளையிட்டிருக்கிறது. வெள்ளையாக வந்தது நீராவிதான். அதற்குக் கீழேயே நின்றேன். கண் எரியவில்லை, தொண்டை கரகரக்கவில்லை. தீயணைப்புத் துறை ஆளும் வந்து பார்த்துவிட்டு அதையே சொன்னார். நான் போனில் செய்தி சொன்னேன். இந்தத் தடவை ஒரு எழுத்தையும் யாரும் மாற்றவில்லை. சில நிமிஷத்தில் கேபிள் போகும் வீடுகளில் எல்லாம் டிவியின் அடியில் எழுத்து ஓட ஆரம்பித்தது: "ஆலையில் கசிவு இல்லை. பொதுமக்கள் பீதியடைய வேண்டாம்."

அதுவரை சனங்கள் ரோட்டில் நின்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிவியில் எழுத்து ஓடியதும் ஓடத் தொடங்கினார்கள்.

நான் ஆலை கேட்டுக்கு வெளியே வந்தபோது ஒருவன் சைக்கிளை மிதித்துக்கொண்டே கத்திக்கொண்டு போனான்: "கசிவு இல்லன்னு டிவியில போட்டுட்டான். அப்ப நெசந்தான். ஓடுங்க." இதை நான் கற்பனை செய்யவில்லை. காதால் கேட்டேன். ஊரைவிட்டுப் போகும் வழியில் இருந்த பாலத்துப் பக்கம் ஷேர் ஆட்டோ, டாடா ஏஸ், மாட்டுவண்டி எல்லாம் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. நான் ஒரு வண்டியின் முன்னால் போய் நின்று, "வெறும் நீராவிதாங்க, நான் பாத்துட்டு வரேன்" என்றேன். டிரைவர் என் சட்டைப்பையில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தான். பேப்பரின் பெயரைப் பார்த்தான். "தள்ளு சார்" என்றான்.

நான் கலியமூர்த்திக்குப் போன் செய்தேன். அவன் அதிர்ஷ்டவசமாக மெயின்ரோட்டிலேயே ஒரு கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தான். சாப்பிட்ட கையைக் கழுவாமலே வந்தான்.

"கசிவு இல்ல, மச்சான். நீ சொன்னாத்தான் நிப்பாங்க" என்றேன்.

"நீ பாத்தியா?"

"கீழேயே நின்னேன்."

"ஒன்ன எனக்குத் தெரியும். ஆனா நீ அந்தக் கம்பெனி ஆளு. நானும் பாக்கணும்."

அந்த நிலைமையில் அவன் அப்படிச் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. இப்போது யோசித்தால், அவனுடைய தொழில் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. என் பேச்சைக் கேட்டு அவன் போய்ச் சொல்லியிருந்தால், அவனிடம் இருந்ததும் அன்றோடு போயிருக்கும்.

கேட்டில் செக்யூரிட்டி அவனை விடவில்லை. அவன் பெயர் அங்கே எழுதி ஒட்டியிருந்ததாம், உள்ளே விடக்கூடாதவன் என்று. நான் மேலாளருக்குப் போன் போட்டேன்.

"அவரா?" என்றார். "வேற யாராவது கெடைப்பாங்களா பாருங்களேன்."

"ரெண்டு பேப்பர், ஒரு டிவி, கேபிள் எல்லாம் நம்மகிட்ட இருக்குது சார். அதுல எதையும் யாரும் நம்பல. இவன் ஒருத்தன்தான் மிச்சம்."

அவர் மேலிடத்தைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். மேலிடம் யாரோடோ பேசிக்கொண்டிருந்தது. நாங்கள் கேட்டுக்கு வெளியே நின்றோம். அந்த நேரத்தில்தான் பாலத்தில், தொங்கிக்கொண்டு போன ஒருவன் டாடா ஏஸிலிருந்து விழுந்து, பின்னால் வந்த வண்டி அவன் காலில் ஏறியது. அது தனத்தின் புருஷன் ஏழுமலை. எங்களுக்கு அப்போது தெரியாது.

அனுமதி வந்ததும் கலியமூர்த்தி உள்ளே போய், வால்வுக்குக் கீழே நின்று, மூச்சை இழுத்து இழுத்து விட்டுப் பார்த்தான். வெளியே வந்து பாலத்துக்குப் போய் ஒரு வண்டிமேல் ஏறினான். மைக் இல்லை. "வெறும் ஆவிதான். நான் உள்ள போயிப் பாத்துட்டேன். நிறுத்துங்க" என்று மூன்று தடவை சொன்னான், அவ்வளவுதான். "யாரு, நாலு பக்கமா?" என்று கேட்டுக்கொண்டே ஒரு பெண் நின்றாள். அவளுக்குப் பின்னால் ஒரு ஆட்டோ நின்றது. பிறகு சனம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது.

ஏழுமலையின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மருத்துவமனைக்கு நான் போனபோது தனம் வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய், "இந்தத் தடவ உண்மையத்தாம்மா போட்டோம்" என்றேன். எவ்வளவு மடத்தனமான வார்த்தை என்று வாயைவிட்டு வந்த பிறகுதான் தெரிந்தது.

"இருக்கும் சார்" என்றாள். "அன்னிக்கும் அதே டிவிதான், அதே எழுத்துதான். நாங்க எதப் பாத்து சார் பிரிச்சுக்கிறது?"

அடுத்த இதழ் நாலு பக்கத்தில் கலியமூர்த்தி நடந்ததை நடந்தபடி போட்டான். கசிவு இல்லை, நீராவிதான், நானே பார்த்தேன் என்று எழுதினான். கேட்டில் எவ்வளவு நேரம் நிறுத்திவைத்தார்கள் என்பதையும் எழுதினான். அது வந்த மறுநாள் மேலாளர் காரில் சிதம்பரம் வந்தார். என்னையும் கூட்டிக்கொண்டு அந்தக் கல்யாணப் பத்திரிகை அச்சகத்துக்குப் போனார். கலியமூர்த்தி வருவதற்கு முன்பே பாலம் தாண்டிவிட்ட பாதிக் குப்பம் இன்னும் வீடு திரும்பவில்லை, வேலையாட்களும் ஆலைக்கு வரவில்லை. வீட்டுக்கு வீடு கொடுப்பதற்கு அந்த இதழ் கட்டுக்கட்டாக வேண்டும் என்றார்.

"கட்டா குடுக்கறதில்ல சார். படிக்கணும்னு நெனைக்கிறவங்க கடையில போயி ஆளுக்கு ஒண்ணு வாங்கிக்குவாங்க" என்றான் கலியமூர்த்தி. டீ வரவழைத்துக் கொடுத்தான். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

மேலாளர் டீயைத் தொடவில்லை. சுவரில் இருந்த மாதிரிக் கல்யாணப் பத்திரிகைகளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வியாபாரத்துக்கு வந்தார்.

"சரி, பேப்பரையே குடுத்துடுங்களேன். நாங்க நடத்தறோம். நீங்களே ஆசிரியரா இருங்க. ஒரு வார்த்த மாத்தமாட்டோம்."

கலியமூர்த்தி அவரைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. கணக்குத் தெரியாத பையனைப் பார்க்கும் வாத்தியார் மாதிரி பார்த்தான்.

"வாங்கிக்கலாம் சார். ஆனா நீங்க வாங்கிட்டா, அப்புறம் அதால உங்களுக்கே என்னா பிரயோஜனம்?"